எல்லை நிலத்தின் எருவும் திருத்தமும்: பாலக்காடு, இடுக்கிப் பகுதிகளில் இளங்கனிமர ஊட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, மரம், விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் எனப் பின்வைத்தது. நிலத்தின் இயல்பை அறிந்த பின்னரே அதில் வளர்வதைப் பற்றிப் பேச இயலும் என்னும் உழவறிவும் இப்பகுப்பில் அடங்கியுள்ளது எனலாம். மண்ணில் இடப்படும் பொருள்கள் இளங்கனிமரங்களின் கனிம ஊட்டத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பது இன்று வேளாண் அறிவியலின் ஆய்வுப்பொருளாகும். எனினும் அதற்கு ஒரு நெடிய வழக்காற்று வரலாறும் சொல் வரலாறும் உண்டு.

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டியுள்ள பகுதிகள் இவ்வரலாற்றை ஆராய்வதற்கு ஏற்ற களங்களாகும். பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம் வட்டத்திலும் தமிழ் பேசும் உழவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். மொழியால் ஒன்றுபட்ட இவ்விரு பகுதிகளும் மண்ணால் வேறுபட்டவை. ஒரு பகுதியில் இளமரத்தைக் காக்கும் பொருள் மற்றொரு பகுதியில் அதற்கே கேடாக முடியும். பழந்தமிழ் வழக்கில் தெளிவாக இருந்த நில வேறுபாட்டுணர்வு, 20ஆம் நூற்றாண்டின் பொது உரப் பரிந்துரைகளுக்கிடையே மங்கியதையும் அண்மைக்கால மண் ஆய்வுகளின் வழி அது மீண்டதையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரு, உரம், வளம்

பயிருக்கு ஊட்டமாக இடப்படும் பொருளுக்குத் தமிழில் தொன்றுதொட்டு வழங்கும் சொல் எரு என்பதாகும். ஆநிரை தங்கும் மன்றத்தில் பொடியாகிக் கிடக்கும் சாணத்தைத் தாதெரு என்று சங்க இலக்கியம் குறிக்கிறது. திருக்குறளின் உழவு அதிகாரம் இதனினும் நுட்பமான செய்தியைத் தருகிறது. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என 1038ஆம் குறள் கூறுகிறது. அதற்கு முந்தைய குறளோ, ஒரு பலப் புழுதி கால் பலமாகும்வரை மண்ணை உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் விளையும் என்கிறது. மண்ணுக்கு வெளியிலிருந்து உணவு சேர்ப்பது ஒருவகைச் செயல். மண்ணில் உள்ளதைப் பயிருக்குக் கிடைக்கச் செய்வது மற்றொருவகைச் செயல். இவ்விரண்டும் அடுத்தடுத்த குறள்களில் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. நன்கு உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது அதிலுள்ள மக்குப் பொருளிலிருந்து தழைச்சத்து விரைந்து வெளிப்படுவதை இன்றைய மண்ணியலும் ஏற்கிறது.

உரம் என்னும் சொல் பழந்தமிழில் வலிமை, திண்மை, அறிவு ஆகிய பொருள்களில் பயின்று வருகிறது. பயிருக்கு இடும் பொருளை அது குறிப்பது பிற்கால வழக்காகும். மலையாளத்தில் இதே பொருளுக்கு வழங்கும் சொல் வளம் என்பது. எல்லையின் ஒரு பக்கத்தில் வலிமை என்றும் மறுபக்கத்தில் செழிப்பு என்றும் பொருள்படும் சொற்கள் எருவின் இடத்தைப் பெற்றுள்ளன. இவ்விரு சொற்களும் பயிருக்கு உணவாகும் பொருளையும், மண்ணின் இயல்பை மாற்றும் சுண்ணாம்பு, ஜிப்சம், கந்தகம் போன்றவற்றையும் பொதுவழக்கில் ஒருசேரக் குறித்துவிடுகின்றன. பின்னவற்றை மண் திருத்தும் பொருள்கள் எனத் தனித்துக் கூறுவதே பொருத்தமாகும்.

நிலத்தின் குறையைச் சுட்டும் சொற்களிலும் தமிழ் வளமுடையது. களர், உவர், கரிசல், செம்மண், சுக்கான் என்பன மண்ணின் நிறத்தையும் இயல்பையும் ஒட்டிப் பிறந்த பெயர்கள். கல்லாதவரை விளைவு தராத களர்நிலத்துக்கு ஒப்பிடும் 406ஆம் குறள், களரின் இயல்பு கற்போர் அனைவரும் அறிந்த ஒன்றாக அன்று இருந்ததைப் புலப்படுத்துகிறது.

புனத்தின் சாம்பல்

குறிஞ்சி நிலத்து வேளாண்மையில் எருவினும் முதன்மை பெற்றது சாம்பல். காட்டை எரித்துப் பண்படுத்திய நிலத்தைப் புறநானூற்றின் 159ஆம் பாடல் கரிபுனம் என்று குறிக்கிறது. அப்பாடல் குமணனைப் பாடியது. அவனது முதிரமலை உடுமலைப்பேட்டைப் பகுதியைச் சார்ந்தது என ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்தின்படி நோக்கின், இன்றைய மறையூருக்குச் செல்லும் மலைவழியின் அண்டை நிலமே அப்பாடலின் களமாகிறது. காட்டுப்பன்றி கிளறிய புழுதியில் குறவர் உழாமலே தினை விதைத்ததைப் புறநானூறு 168 கூறுகிறது.

மரமும் தழையும் எரியும்போது தழைச்சத்தின் பெரும்பகுதி புகையாகக் கழிகிறது. எஞ்சும் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல்சத்தும் மிகுந்திருக்கும். இச்சாம்பல் காரத்தன்மை உடையதாதலின், மழையால் புளித்த மலைமண்ணின் அமிலத்தைத் தணிக்கிறது. ஆகவே கரிபுனம் என்பது எரு இடப்பட்ட நிலம் என்பதைவிடத் திருத்தப்பட்ட நிலம் என்பதே பொருந்தும். அத்திருத்தம் சில ஆண்டுகளே நிலைக்கும். மழையில் அது கரைந்தபின் புனத்தைக் கைவிட்டு வேறிடம் செல்வது குறவர் வழக்கம். அட்டப்பாடியின் இருளர் பலவகைத் தானியங்களைக் கலந்து விதைக்கும் மலைக்காட்டு வேளாண்மையும், இடுக்கி மலைகளில் முதுவர் மேற்கொண்ட கேழ்வரகு வேளாண்மையும் இம்மரபின் தொடர்ச்சிகளாகும்.

பல்லாண்டு நிற்கும் கனிமரத்துக்கு இம்முறை போதாது. தினைக்கு இடம் மாறலாம்; மரம் இடம் மாறாது. மரம் நட்ட இடத்திலேயே மண்ணைத் திருத்தித் தொடர்ந்து பேண வேண்டிய தேவை, நிலைகுடி வேளாண்மையோடு சேர்ந்து எழுந்தது.

சுவடி மரபில் மரவூட்டம்

மரத்தை உயிருடைய ஒன்றாகக் கருதி, அதற்கு உணவும் மருந்தும் கூறும் வடமொழி நூல் சுரபாலரின் விருட்சாயுர்வேதம். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் தோன்றியதாகக் கருதப்படும் இந்நூலின் சுவடி ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்திலிருந்து பெறப்பட்டு, 1996இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிடப்பட்டது. விலங்குப் பொருள்களை நீரில் வேகவைத்து ஊறவைத்துப் பெறும் குணபசலம் என்னும் நீர்ம ஊட்டத்தை இந்நூல் விரித்துரைக்கிறது. மரத்தின் நோய்களை வாதம், பித்தம், கபம் என்னும் முறையில் பகுத்து அவற்றுக்கேற்ப மருந்து கூறுவதும் இதன் இயல்பு.

மலையாள மரபில் பரசுராமர் கூற்றாக அமைந்த கிருஷி கீதை குறிப்பிடத்தக்கது. வாய்மொழியாகவும் சுவடியாகவும் வழங்கிய இந்நூல் 1950இல் சென்னையில் அச்சேறியது. இத்தகைய நூல்கள் அனைத்திலும் ஊட்டம் என்பது நிலம், பருவம், பயிர் ஆகிய மூன்றையும் சார்ந்தே பேசப்படுகிறது. எல்லா நிலத்துக்கும் ஒரே அளவு என்னும் கருத்து அவற்றில் இல்லை.

எல்லையின் இருவகை மண்

பிரான்சிசு புக்கானன் 1800ஆம் ஆண்டின் இறுதியில் கோயம்புத்தூர்ப் பகுதியிலிருந்து ஆனைமலை, கொல்லங்கோடு வழியாகப் பாலக்காட்டை அடைந்தார். அவரது பயணநூல் 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. மலபாரின் அங்காடிப்புறத்தில் அவர் கண்ட செம்புரைக்கல்லுக்கு இட்ட லேட்டரைட்டு என்னும் பெயர், பின்னர் உலக மண்ணியலின் கலைச்சொல்லாக நிலைபெற்றது. மிகுமழை, மண்ணிலிருந்து சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல்சத்து ஆகியவற்றை அடித்துச் செல்ல, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்பதே இம்மண்ணின் பிறப்பு வரலாறு. கேரள மண் என்றாலே அமிலமண் என்னும் பொதுக்கருத்துக்கு இதுவே அடிப்படை.

புக்கானன் சென்ற வழியிலேயே இப்பொதுமைக்கு விலக்கும் அமைந்துள்ளது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய ஊர்களை உள்ளடக்கிய சித்தூர் வட்டம் மழை குறைந்த பகுதி. இங்குக் கொங்கு நாட்டுக் கரிசலின் தொடர்ச்சியாகக் கருமண் காணப்படுகிறது. கேரளத்தில் கருமண் இவ்வட்டத்தோடு நின்றுவிடுகிறது. களிப்பும் சுண்ணாம்பும் மிக்க இம்மண்ணின் கார அமில எண் 7 முதல் 8.5 வரை அமைகிறது. இவ்வெண் 7 ஆயின் நடுநிலை, குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓர் எண் மாறினால் அமிலச் செறிவு பத்து மடங்கு மாறும். தோண்டும் இடத்தில் சுக்கான்கல் வெளிப்படும் நிலத்தில் உழவர் எளிதில் மரம் வைக்கத் துணிவதில்லை.

இடுக்கியின் எல்லையில் மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் அஞ்சுநாடு எனப்பட்டன. மதுரைப் பக்கமிருந்து குடிபெயர்ந்தோராகத் தம்மைக் கூறிக்கொள்ளும் தமிழர் இங்கு வாழ்கின்றனர். ஆப்பிள், பிளம்சு, பீச்சு, பேரிக்காய் போன்ற குளிர்நிலக் கனிமரங்கள் கேரளத்தில் விளையும் அரிய இடங்களுள் காந்தலூர் ஒன்று. மூணாற்றின் தேயிலை மலைகள் மிகுமழையும் கடும் அமிலமும் கொண்டவை. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையிலான கார அமில எண் ஏற்றது. அங்கிருந்து 40 கிலோமீட்டர் அளவில் மறையூர் மழைமறைவில் அமைகிறது. அதனையடுத்த சின்னாற்றில் ஆண்டு மழை ஏறத்தாழ 500 மி.மீ. மட்டுமே. ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் நிலம் இத்துணை மாறும்போது, ஊர்தோறும் மண்ணை வேறாகக் காண வேண்டியது இயல்பான தேவையாகிறது.

மூட்டை உரத்தின் வரவு

செருமானிய வேதியியலாளர் லீபிக் 1840இல் வெளியிட்ட நூல், பயிர்கள் கனிமப் பொருள்களை உணவாகக் கொள்கின்றன என்னும் கொள்கையை நிலைநாட்டியது. இந்தியாவில் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை முதன்முதலாக 1906இல் இராணிப்பேட்டையில் தொடங்கியது. கொச்சியை அடுத்த உத்யோகமண்டலில் பாக்ட் நிறுவனம் 1947இல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியது. தழைச்சத்துப் பஞ்சத்தில் இருந்த நெல்வயல்களுக்கு இது பெரும் பயன் அளித்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அம்மோனியம் சல்பேட் உணவாகும்போதே மண்ணைப் புளிக்கவும் செய்கிறது. அதிலுள்ள அம்மோனியம், நுண்ணுயிரிகளால் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட்டால் விளையும் அமிலத்தை ஈடுசெய்ய ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856 முதல் நடைபெற்று வரும் புல்வெளி ஆய்வில், சுண்ணாம்பு இல்லாமல் இவ்வுரம் மட்டும் தொடர்ந்து பெற்ற பாத்திகள் கடும் அமிலநிலையை அடைந்துள்ளன.

இவ்வுண்மையை எல்லை நிலத்தில் பொருத்திப் பார்க்கும்போது அதன் முழுப் பொருள் விளங்குகிறது. ஒரே மூட்டை உரம் மூணாற்றுப் பக்கத்து அமிலமண்ணில் குறையை மிகுவிக்கிறது. சித்தூர்க் கருமண்ணில் வேர்ப்பகுதியின் காரத்தைச் சிறிது தணித்து நன்மை செய்யவும் கூடும். சுண்ணாம்பு இதற்கு மாறானது. மலையாளத்தில் கும்மாயம் எனப்படும் அதனை அமிலமண்ணில் இடுவது மருந்து. சுக்கான் நிலத்தில் இடுவது நோய்க்கு நோய் சேர்ப்பது. பொருளின் குணம் பொருளில் மட்டும் இல்லை; அது சேரும் மண்ணிலும் இருக்கிறது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் செய்தி.

இளமரம் காட்டும் சான்று

மண் திருத்தத்தின் விளைவு முதிர்ந்த மரத்தைவிட இளமரத்தில் விரைந்து தெரியும். முதிர்ந்த மரத்தின் வேர் அகன்று ஆழ்ந்து பல அடுக்குகளிலிருந்து சத்தைத் தேடிக்கொள்ளும். நட்ட முதல் சில ஆண்டுகளில் கன்றின் வேர் பெரும்பாலும் குழிக்குள்ளேயே அடங்கியிருக்கும். அக்குழியில் இட்டதே அதன் உலகம். தமிழ்நாட்டுப் பரிந்துரையில் மாங்கன்றுக்கு முதலாண்டில் 10 கிலோ தொழுவுரம் தொடங்கி, ஆண்டுதோறும் 10 கிலோ கூட்டி, 50 கிலோவரை உயர்த்துவது வேர் விரியும் அளவை ஒட்டியதாகும்.

கன்றின் இலை மண்ணின் நிலையைக் காட்டும் ஏடு. காரமண்ணில் இரும்பு இருந்தும் கரைவதில்லை. ஆதலின் நரம்பு பச்சையாக நிற்க, இளந்தளிரின் பரப்பு வெளிறும். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்துக் கொத்தாகும். அமிலமண்ணில் மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலையே முதலில் வெளிறும். அச்சத்து முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்கு இடம்பெயர வல்லது. இரும்பு அவ்வாறு பெயராது. ஆகவே வெளிறல் மேலிலையிலா கீழிலையிலா என்று நோக்குவதே நோயறியும் முதற்படி. கடும் அமிலத்தில் மாங்கனீசு மிகுதியாகக் கரைவதால் இளம் ஆப்பிள் மரங்களில் பட்டை வெடித்துக் கொப்புளிக்கும் நோய் தோன்றுவதைப் பிறநாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

சத்துகளுக்கிடையே போட்டியும் உண்டு. சாம்பல்சத்து மிகுந்தால் மக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் வேரில் ஏறுவது தடைப்படும். மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் குறையும். வெறும் சுண்ணாம்பை மட்டும் தொடர்ந்து இட்டால் மக்னீசியம் பின்தங்கும். சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்த டோலமைட் அக்குறையைத் தவிர்க்கும். ஜிப்சம் கார அமில எண்ணைப் பெரிதும் உயர்த்தாமல் சுண்ணாம்புச் சத்தை ஆழத்துக்குக் கொண்டு செல்லும். உவர்க்களரில் சோடியத்தை வெளியேற்றும். கந்தகம் நுண்ணுயிரிகளால் அமிலமாக மாறிக் காரத்தைத் தணிக்கும். சுண்ணாம்பு மிக்க மண்ணில் அது மிகுந்த அளவில் வேண்டும். மக்காத மரத்தூளைக் குழியில் இட்டால், அதை மக்கச்செய்யும் நுண்ணுயிரிகளே மண்ணின் தழைச்சத்தைக் கைக்கொள்ள, கன்று மஞ்சளிக்கும். நன்கு மக்கிய தொழுவுரமும் குளத்து வண்டலும் இருவகை மண்ணுக்கும் பொதுவாக உதவுவன. குப்பையை ஆறவிட்டு இடுவதும், கோடையில் வண்டல் அடிப்பதும், ஆட்டுப்பட்டி அமைப்பதும் கொங்கு உழவரின் நெடிய வழக்கங்கள்.

இங்கு ஒரு சமூகச் சிக்கலையும் கருத வேண்டும். சித்தூர் வட்டத்து முதலமடை, நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பே சந்தைக்கு வரும் மாங்கனிகளால் புகழ்பெற்றது. அங்குத் தோப்புகளைக் குத்தகைக்கு விடும் வழக்கம் பரவலாக உண்டு. குத்தகையாளரின் நோக்கம் அப்பருவத்தின் காய்ப்பில் நிற்கிறது. மண் திருத்தத்தின் பயனோ ஆண்டுகள் கழித்தே வருகிறது. எனவே பூவுக்கும் பூச்சிக்கும் செலவிடப்படும் பொருள் மண்ணுக்குச் செலவிடப்படுவது அரிது. கன்று நடும் முதல் ஆண்டுகளில் நிலவுரிமையாளர் மண்ணைத் திருத்தாது விட்டால், பின்னர் அதைச் செய்வதற்கு எவரும் முன்வருவதில்லை.

நில வகைப்பாட்டின் மீட்சி

கேரள மாநிலத் திட்டக் குழு 2010 முதல் 2013 வரை பல ஆய்வு நிறுவனங்களை ஒருங்கிணைத்து மாநிலம் முழுவதும் மண்வள ஆய்வை நடத்தியது. பெரும்பகுதி நிலங்களில் அமிலத்தன்மை மிகுந்திருப்பதும், மணிச்சத்து தேவைக்கு மேல் தேங்கியிருப்பதும், சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், போரான் ஆகியன பரவலாகக் குறைந்திருப்பதும் அதில் வெளிப்பட்டன. உரம் குறைவதே நிலத்தின் குறை என்னும் எண்ணத்தை இம்முடிவு மறுத்தது. இட்ட சத்தே மிகுந்து பிறவற்றைத் தடுக்கும் நிலையும் உண்டு என்பது தெளிவாயிற்று.

இதனோடு கேரளம் 23 வேளாண் சூழல் அலகுகளாகப் பகுக்கப்பட்டது. பாலக்காட்டுக் கிழக்குச் சமவெளி, பாலக்காட்டு நடுச்சமவெளி, அட்டப்பாடி மலை, அட்டப்பாடி உலர்மலை, மறையூர் உலர்மலை ஆகியன அவற்றுள் தனித்தனி அலகுகளாயின. மாநிலத்தின் பொது அமிலமண் வகைப்பாட்டில் மறைந்திருந்த எல்லை நிலங்கள் தமக்குரிய பெயரைப் பெற்றன. நிலத்தை முதலில் வகுத்துப் பின்னர் அதற்குரியதைக் கூறும் திணை மரபின் முறையோடு இப்பகுப்பு ஒத்துச்செல்வதைக் காணலாம். 2015இல் நடுவண் அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், கார அமில எண்ணுடன் இரும்பு, துத்தநாகம், போரான் முதலிய நுண்சத்துகளையும் உழவரின் கைக்குக் கொண்டுவர முயன்றது.

அட்டையில் உள்ள எண் உழவரின் சொல்லாக மாறும்போதே அது பயன் தரும். கேரள வேளாண்மைப் பரிந்துரைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அமைந்தவை. அஞ்சுநாட்டிலும் சித்தூரிலும் உள்ள தமிழ் உழவரோ கரிசல், சுக்கான், களர், செம்மண் என்னும் சொற்களால் நிலத்தை அறிந்தவர்கள். கார அமில எண் 8.2 என்பதைச் சுக்கான் நிலம் என்னும் சொல்லோடு இணைத்துக் காட்டினால், அங்குச் சுண்ணாம்பு இடலாகாது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. எல்லை ஊர்களின் மண் பெயர்களைத் தொகுத்து, அவற்றை ஆய்வுக்கூட அளவுகளோடு பொருத்தும் பணி தமிழியலாரும் மண்ணியலாரும் கூடிச் செய்ய வேண்டிய ஒன்று. வட்டார வழக்கு அகராதிகளில் இத்தகைய சொற்களுக்குப் பொருள் தரும்போது, வகைமண் என்று பொதுவாக எழுதாமல் நிறம், சுண்ணாம்பு, நீர்ப்பிடிப்பு ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

முடிவுரை

எரு பயிருக்கு உணவு. திருத்தம் மண்ணுக்கு மருந்து. இவ்வேறுபாடு உழவு அதிகாரத்திலும் கரிபுன வழக்கிலும் உணரப்பட்டிருந்தது. உரம் என்னும் பொதுச்சொல்லும் மூட்டை உரமும் பரவிய காலத்தில் அவ்வேறுபாடு மங்கியது. பாலக்காட்டின் காரக் கருமண்ணும் இடுக்கியின் அமில மலைமண்ணும் ஒரே பரிந்துரைக்கு அடங்காதவை என்பதை இளங்கனிமரத்தின் இலை காட்டிக்கொண்டே இருந்துள்ளது. 23 அலகுப் பகுப்பு அச்சான்றை ஏற்று நிலத்தை மீண்டும் முதற்பொருளாக வைத்துள்ளது. நட்ட கன்று காய்க்கும் வரையிலான ஆண்டுகள் உழவரின் உழைப்பும் பொருளும் ஒருசேர முடங்கும் காலம். குழி தோண்டும் நாளில் மண்ணின் பெயரை அறிந்து செய்யும் திருத்தமே அக்காலத்தைக் காக்கும். அப்பெயர்கள் வழக்கொழியுமுன் எல்லை ஊர்களில் அவற்றைத் தொகுத்துப் பதிவுசெய்வது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.